அப்பா பெயரில் ஓர் அறை

விமான டிக்கெட், ஓட்டல் பதிவேடு, வாடகைக் கார் என்று எங்கே போனாலும் வெளிநாடு செல்லும் தமிழரிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: உங்கள் குடும்பப் பெயர் என்ன?

படிவத்தின் முதல் கட்டத்திலேயே நின்றுவிட்டேன். 'குடும்பப் பெயர்' என்று கேட்டிருந்தது. இரண்டாவது கட்டத்தில் 'பிறந்தபோது இருந்த குடும்பப் பெயர்'. மூன்றாவது கட்டத்தில்தான் 'பெயர்'. ஐரோப்பாவின் 29 நாடுகளுக்குள் போய்வர உதவும் ஷெங்கன் விசாவுக்கான விண்ணப்பம் அது. நான் உட்கார்ந்திருந்தது தில்லி சாணக்யபுரியின் நேரு பூங்காவில். சற்றுத் தள்ளி சாந்தி பாத் சாலையின் இரு பக்கமும் பல நாடுகளின் கொடிகள் வரிசையாகப் பறந்துகொண்டிருந்தன.

அந்தப் பேட்டையின் பெயரை நினைத்ததும் சிரிப்பு வந்தது. இருபதாம் நூற்றாண்டின் மத்தியில் வெளிநாட்டுத் தூதரகங்களுக்காக உருவாக்கிய இந்தப் பகுதிக்கு சாணக்கியரின் பெயரை வைத்தார்கள். அதற்குள் ஓடும் ஒரு சாலைக்கு கௌடில்ய மார்க் என்று பெயர். இருவரும் ஒருவரே என்கிறது மரபு. விஷ்ணுகுப்தர் என்று மூன்றாவதாகவும் ஒரு பெயர் உண்டு. இன்று அவர் விசா கேட்டு இந்தத் தெருவுக்கு வந்தால் எந்தப் பெயரை எந்தக் கட்டத்தில் எழுதுவார்?

இத்தனைக்கும் பாஸ்போர்ட் விவகாரம் அவருக்குப் புதிதல்ல. 1905-ல் மைசூரில் சாம சாஸ்திரிக்குச் சுவடியாகக் கிடைத்து, 1909-ல் அச்சேறிய அர்த்தசாஸ்திரத்தில் இதற்கென்றே ஒரு அதிகாரி இருக்கிறார். அவர் பெயர் முத்திராத்யட்சர். நாட்டுக்குள் வரவும் வெளியே போகவும் முத்திரையிட்ட அனுமதி வழங்குபவர். கட்டணம் ஒரு மாஷம். அனுமதியில்லாமல் அகப்பட்டால் 12 பணம் அபராதம். 2024 ஜூன் முதல் வயது வந்தவர்களுக்கான ஷெங்கன் விசா கட்டணம் 90 யூரோ. மறுத்தால் பணம் திரும்ப வராது. அமைப்பு பழையதுதான், விலைதான் ஏறியிருக்கிறது.

எனக்குத் தொழில் மொழிபெயர்ப்பு. தூதரகப் பேட்டைக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஆர்.கே.புரத்தில் குடியிருப்பதால், பத்திரிகை வேலைக்கு நடுவே தமிழ்ச் சான்றிதழ்களை ஆங்கிலத்தில் பெயர்த்துத் தரச் சொல்லிப் பலர் வருவார்கள். பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் என்று எது வந்தாலும் பத்தில் எட்டுப் பேரின் சிக்கல் ஒன்றுதான். பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஓட்டுநர் உரிமத்தில் பின்னால், பாஸ்போர்ட்டில் விரித்து எழுதிய அப்பா பெயர், வங்கி அட்டையில் மறுபடியும் இனிஷியல். ஆள் ஒருவர், பெயர் நான்கு. இத்தனை நாள் அடுத்தவர் சிக்கலாக இருந்தது அன்று என் மடியில் வந்து உட்கார்ந்தது.

ஒரு குடும்பம், மூன்று விதம்

பிரான்சில் மொழிபெயர்ப்பாளர்கள் கூடும் ஒரு நிகழ்ச்சிக்கு என்னை அழைத்திருந்தார்கள். 2024 அக்டோபர். கணவரும் பன்னிரண்டு வயது மகனும் உடன் வருவதாகத் திட்டம். மூவரின் பாஸ்போர்ட்டையும் அன்றுதான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என்னுடையதில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயர். கணவருடையதில் அந்த இடமே வெற்று. அவர் பெயரும் மாமனார் பெயரும் சேர்ந்து ஒரே வரியில் இருந்தன. மகனுடையதில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் என் கணவரின் பெயர். காகிதத்தின்படி நாங்கள் மூவரும் ஒரு குடும்பமே அல்ல.

தமிழ் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. செல்வத்தின் மகன் முருகன் என்றால் அவர் செ. முருகன். முருகனின் மகள் கயல்விழி என்றால் அவர் மு. கயல்விழி. பெயர் தலைமுறைக்குத் தலைமுறை ஒரு படி இறங்கி வருகிறது, எங்கேயும் தங்குவதில்லை. ஆனால் உலகத்தின் படிவங்கள் தங்கும் பெயரைத்தான் கேட்கின்றன. தாத்தாவிடமும் பேரனிடமும் மாறாமல் இருக்கும் ஒரு சொல் வேண்டும் அவற்றுக்கு.

அப்படி ஒரு சொல் நம்மிடம் இல்லாமல் இருந்ததா? இருந்தது. பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த சாதிப் பட்டம்தான் அது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில், டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் தலைமையில் கூடிய முதலாவது சுயமரியாதை மாநாடு, சாதிப் பட்டங்களைப் பெயரிலிருந்து விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அடுத்த ஒன்றிரண்டு தலைமுறைகளில் தமிழ்நாட்டுப் பள்ளிப் பதிவேடுகளிலிருந்தும் வாக்காளர் பட்டியல்களிலிருந்தும் அந்தப் பட்டங்கள் பெருமளவு உதிர்ந்துபோயின. வட இந்தியாவில் ஒருவரின் பெயரைக் கேட்டதும் சாதியை ஊகித்துவிடலாம். தமிழ்நாட்டில் பெரும்பாலும் முடியாது. விசா படிவத்தில் வெற்றாக நிற்கும் அந்தக் கட்டம் மறதியால் வந்ததல்ல; பலர் மெனக்கெட்டுக் காலி செய்த இடம்.

இதை எந்தக் கணினிக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாது. இந்தியப் பாஸ்போர்ட் விண்ணப்பத்திலும் இனிஷியலுக்கு அனுமதியில்லை, விரித்து எழுத வேண்டும். பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிப்பதற்காக அச்சிடப்பட்ட இரண்டு வரிகளைக் கவனித்திருப்பீர்கள். ஒவ்வொன்றிலும் 44 எழுத்துகள். பெயருக்கு 39 இடங்கள். மான்ட்ரியாலில் இயங்கும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த அளவு இது. அந்த அமைப்பு எச்சரிக்கையாகக் 'குடும்பப் பெயர்' என்று சொல்லாமல் 'முதன்மை அடையாளம்', 'இரண்டாம் அடையாளம்' என்றே பிரிக்கிறது. ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கும் விதியில் இடம் உண்டு. ஆனால் விமான நிறுவனத்தின் இணையதளமும் ஓட்டல் பதிவேடும் அத்தனை பொறுமையுடன் செய்யப்பட்டவை அல்ல.

பறப்பதற்கு முன்

என் கணவரின் டிக்கெட்டில் தொடங்கியது வினை. குடும்பப் பெயர் கட்டத்தை வெற்றாக விட்டால் இணையதளம் அடுத்த பக்கத்துக்கே போகவில்லை. டிக்கெட் போட்டுத் தந்தவர் முழுப் பெயரையும் இரண்டு கட்டத்திலும் எழுதிவிட்டார். கணினி தன் பங்குக்கு 'மிஸ்டர்' என்பதையும் இடைவெளி விடாமல் பெயரோடு ஒட்டிக்கொண்டது. விமான நிலையக் கவுன்டரில் இருந்த பெண் அந்த நீளமான சொல்லைப் பார்த்துவிட்டு, பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு, மேலதிகாரியைக் கூப்பிட்டார். இருபது நிமிடம் ஆயிற்று. பின்னால் நின்றவர்களின் பெருமூச்சு எங்கள் பிடரியில் பட்டது.

எங்களுக்கு இருபது நிமிடம்தான் போயிற்று. பயணமே போனவர்களும் உண்டு. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஓர் உத்தரவு போட்டது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால், சுற்றுலா விசாவிலோ வருகை விசாவிலோ வருபவர்களுக்கு அனுமதியில்லை. வளைகுடாவுக்கு நாள்தோறும் விமானம் ஏறும் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இது கிளப்பிய பதற்றம் கொஞ்சமல்ல. சில நாட்களில் விளக்கம் வந்தது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கலாம் என்றார்கள். அங்கே குடியிருப்பு அனுமதி பெற்றவர்களுக்கும் விலக்கு. அமீரகத் தூதரகம் சாணக்யபுரியின் சந்திரகுப்த மார்க்கில்தான் இருக்கிறது. சாணக்கியரின் சீடர் பெயரிலான சாலை.

அமெரிக்காவின் வழி வேறு. ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவரின் அந்தப் பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, பெயர் என்ற இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று போடுவார்கள். 'முதற்பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம். விசாவில் வந்த அந்த மூன்று எழுத்து பிறகு வங்கிக் கணக்கு, மின்கட்டண ரசீது என்று எல்லாவற்றிலும் தொற்றிக்கொள்ளும். மகப்பேறு பார்க்க மகள் வீட்டுக்குப் போகும் நம் ஊர் அம்மாள் அந்த நாட்டில் இறங்கும்போது பெயர் தெரியாதவராக இறங்குகிறார்.

'இந்தப் பெயரில் பதிவு இல்லையே'

பிரான்சில் இறங்கியதும் அடுத்தது. வரிசை நீளமாக இருந்ததால் கணவர் ஒரு கவுன்டருக்கும் நானும் மகனும் வேறொன்றுக்கும் போனோம். அதிகாரி என் பாஸ்போர்ட்டையும் மகனுடையதையும் மாறி மாறிப் பார்த்தார். மரியாதையாகவே கேட்டார்: இந்தப் பையன் உங்களுக்கு என்ன உறவு? என் மகன் என்றேன். குடும்பப் பெயர் வேறாக இருக்கிறதே என்றார். அப்பாவின் பெயர் என்றேன். அப்பாவின் குடும்பப் பெயரா என்று அடுத்த கேள்வி. இல்லை, அப்பாவின் சொந்தப் பெயர். அவர் புருவம் உயர்ந்தது.

அவர் மேல் தப்பில்லை. குழந்தைகளைப் பெற்றவர்களுக்குத் தெரியாமல் நாடு கடத்துவது உலகெங்கும் நடக்கிற குற்றம். கேட்பது அவர் கடமை. மொழிபெயர்ப்பாளர் புத்தி காப்பாற்றியது. மகனின் பிறப்புச் சான்றிதழையும் எங்கள் திருமணச் சான்றிதழையும் கைப்பையில் வைத்திருந்தேன். அதற்குள் பையன் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். அம்மா, நான் உன் பிள்ளை இல்லை என்று சொல்லிவிடுவார்களா என்று பிறகு கேட்டான். விளையாட்டாகத்தான் கேட்டான். எனக்கு விளையாட்டாகப் படவில்லை.

லுவார் ஆற்றங்கரையில் தூர் என்றொரு ஊர். கோட்டைகளும் அரண்மனைகளும் நிறைந்த பகுதி. அங்கே ஓட்டலுக்குப் போய்ச் சேரும்போது இரவு பத்தரை. என் பெயரைச் சொன்னேன். ரிசப்ஷனில் இருந்த இளைஞர் தேடினார். உங்கள் பெயரில் பதிவு இல்லையே என்றார். பணம் கட்டிய ரசீதைக் காட்டினேன். மறுபடி தேடினார். இல்லை. வெளியே மழை. மகன் சோபாவில் தூங்கிவிட்டான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு காகிதத்தில் அப்பாவின் பெயரை எழுதி நீட்டினேன். உடனே அவர் முகம் மலர்ந்தது. அறை காத்திருந்தது, என் அப்பா பெயரில். சாவி அட்டை வைத்த உறையின் மேல் 'மதாம்' போட்டு அப்பா பெயரை அழகாக எழுதியிருந்தார்கள்.

பிரான்சில் ஓட்டலில் தங்கும் வெளிநாட்டவர் காவல்துறைக்கென்று ஒரு படிவம் நிரப்பித் தர வேண்டும். நம் நாட்டில் வெளிநாட்டவருக்கு ஓட்டல்கள் அப்போது நிரப்பிய 'சி' படிவம் போல. அதிலும் முதலில் குடும்பப் பெயர்தான். இந்த முறை தயங்காமல் அப்பா பெயரை எழுதினேன்.

என் அப்பா கும்பகோணம் பக்கத்துப் பள்ளிக்கூட ஆசிரியர். விமானத்தில் ஏறியதே இல்லை. ஆயுளில் அவர் போன அதிக தூரம் தில்லிதான், ஜி.டி. எக்ஸ்பிரஸில். அப்போது சாந்தி பாத்தில் அவரை அழைத்துப் போய்க் கொடிகளைக் காட்டினேன். ஒவ்வொன்றுக்கும் நாட்டின் பெயரைச் சரியாகச் சொல்லிக்கொண்டே வந்தார், பூகோள வாத்தியார் அல்லவா? அந்த நாடுகளில் ஒன்றைக்கூடப் பார்க்காமலே போய்விட்டார். தூர் நகரத்து ஓட்டலில் மூன்று நாள் காலைச் சிற்றுண்டிக்குக் கூப்பிட்டபோது அவர் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள்.

நான்கு காகிதம், ஒரு கார்

இனி கார். வெளிநாட்டில் ஓட்ட நம் உரிமத்துடன் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டியிருக்கும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பாஸ்போர்ட், விசா, உரிமம் காட்டி வாங்கலாம். கட்டணம் 1,000 ரூபாய். அதிகபட்சம் ஓராண்டு செல்லும். ஐக்கிய நாடுகள் சபையின் ஏற்பாட்டில் ஜெனிவாவில் 1949 செப்டம்பர் 19-ல் கையெழுத்தான சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையின் கீழ் தரப்படுவது இது. இந்தியாவும் பிரான்சும் அதில் உறுப்பு நாடுகள். 2022 ஆகஸ்டில்தான் மத்திய அரசு நாடு முழுவதற்கும் ஒரே மாதிரி வடிவத்தை அறிவித்தது. உண்மையில் அது தனி உரிமமே அல்ல, நம் உரிமத்தின் மொழிபெயர்ப்பு. அசல் கையில் இல்லாவிட்டால் மதிப்பில்லை. என் தொழில்காரர்கள் உடனே புரிந்துகொள்வார்கள்.

வாடகைக் கார் கவுன்டரில் கணவரின் காகிதங்களை வரிசையாக வைத்தார்கள். தமிழ்நாட்டில் எடுத்த உரிமத்தில் பெயருக்குப் பின்னால் இனிஷியல். அதைப் பார்த்து எழுதிய சர்வதேச அனுமதியிலும் அப்படியே. பாஸ்போர்ட்டில் விரித்த பெயர். கிரெடிட் கார்டில் இனிஷியல் முன்னால். நான்கும் ஒரே ஆள் என்று அந்தக் கணினி நம்பவில்லை. ஓட்டுபவர் பெயரும் முன்வைப்புத் தொகைக்கான அட்டையின் பெயரும் ஒன்றாக இருந்தால்தான் வண்டி என்று சொல்லிவிட்டார்கள். முன்பணமும் திரும்பவில்லை. மூட்டை முடிச்சோடு ரயில் நிலையத்துக்கு நடந்தோம்.

மறுநாள் வேறொரு கடையில் நான் முயன்றேன். என் உரிமம் தில்லியில் எடுத்தது. பாஸ்போர்ட்டை அடையாளமாகக் காட்டி எடுத்ததால் அதில் என் பெயரும் அப்பா பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருந்தன. வங்கி அட்டையிலும் அப்படியே. வெளியூரில் ஓட்டப்போவதில்லை என்று நினைத்திருந்தும் புறப்படுவதற்கு முன் நானும் ஒரு சர்வதேச அனுமதி வாங்கி வைத்திருந்தது நல்லதாயிற்று. பத்தே நிமிடத்தில் சாவி கைக்கு வந்தது.

சாணக்யபுரியின் வட்டச் சந்திப்புகளில் வண்டி பழகியவள் நான். இங்கே இடப்பக்கம் ஓட்டுகிறோம், வலப்பக்கமிருந்து வருபவருக்கு வழி விடுகிறோம். பிரான்சில் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். வட்டச் சந்திப்பில் நுழையும்போது ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு, அதாவது இடப்பக்கமிருந்து வருபவருக்கு, வழி விட வேண்டும். ஆனால் அறிவிப்புப் பலகை எதுவும் இல்லாத சாதாரண முச்சந்தியில், சின்னஞ்சிறு சந்திலிருந்து வந்தாலும் வலப்பக்கமிருந்து வருபவருக்கே முன்னுரிமை. முதல் அரை மணி நேரம் கணவர் வலப்பக்கம், வலப்பக்கம் என்று ஜெபம் போலச் சொல்லிக்கொண்டே வந்தார். ஷெனோன்சோ அரண்மனை வாசலில் வண்டியை நிறுத்தியபோதுதான் மூச்சு விட்டேன்.

பெயர் வாங்கியவர்கள்

ஊர் திரும்பியபின் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பிரான்சோடு நமக்கு இருக்கும் பெயர்த் தொடர்பு நினைவுக்கு வந்தது. 1881 செப்டம்பர் 21-ல் பிறப்பித்த பிரெஞ்சு அரசாணை, புதுச்சேரியில் சொந்த சமூகச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்க விரும்பியவர்களுக்கு வழி திறந்தது. அப்படித் துறந்தவர்கள் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்து பதிய வேண்டும். அவர்களுக்கு முன்னின்றவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பி. செருப்பணிந்து நீதிமன்றம் போனதற்காக 1873-ல் தடுக்கப்பட்டு, பாரிஸ் உச்ச நீதிமன்றம் வரை போய் வாதாடியவர். அவர் எடுத்துக்கொண்ட பெயர் லப்போர்த். பிரெஞ்சில் 'கதவு' என்று பொருள். அவர்களுடைய வாரிசுகளுக்கு இன்று படிவத்தின் முதல் கட்டத்தில் தயக்கமில்லை.

கதவு வேண்டாம், தெரு வழியாகவே போகிறேன் என்பவர்களும் உண்டு. அதற்கும் சாணக்யபுரியில் நடந்தாலே போதும். நியாய மார்க்கில் மியான்மர் தூதரகம். அந்த நாட்டில் பலருக்கும் குடும்பப் பெயர் என்பதே இல்லை. ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்த ஊ தாண்டின் பெயரில் 'ஊ' என்பது மரியாதைச் சொல். மிச்சம் 'தாண்ட்' மட்டும்தான். கௌடில்ய மார்க்கில் இந்தோனேசியா. சுகர்ணோ, சுகார்த்தோ என்று ஒற்றைப் பெயருடனே நாட்டை ஆண்டவர்கள் அங்கே உண்டு. ஆனால் 2022-ல் அந்த அரசும் இனிப் பதியும் பெயர்களில் குறைந்தது இரண்டு சொல்லாவது இருக்க வேண்டும் என்று விதி செய்துவிட்டது. அதே சாலையில் இலங்கைத் தூதரகம். அப்பா பெயரை முன்னால் வைக்கும் வழக்கம் ஈழத் தமிழர்களிடமும் உண்டு.

சத்ய மார்க்கில் மலேசியா. அங்குள்ள தமிழரின் அடையாள அட்டையில் 'ஏ/எல்', 'ஏ/பி' என்று இருக்கும். இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்பதன் மலாய்ச் சுருக்கம். சந்திரகுப்த மார்க்கில் சிங்கப்பூர். அங்கே 'எஸ்/ஓ', 'டி/ஓ'. இரண்டு நாடுகளும் தமிழரின் பெயரை வெட்டிக் கட்டத்தில் திணிக்காமல், உறவைச் சொல்லும் சொல்லையே பெயருக்குள் ஏற்றுக்கொண்டன. நம் பாஸ்போர்ட்டுக்கு இந்த யோசனை ஏன் தோன்றவில்லை என்று கேட்கலாம்.

நம் புகழ்பெற்றவர்களுக்கும் இதிலிருந்து தப்பில்லை. சதுரங்க உலக சாம்பியன் ஆனந்தை வெளிநாட்டில் விஸ்வநாதன் என்று அழைத்தார்கள். அது அவர் அப்பா பெயர். சி.வி. ராமனின் 'சி' அவருடைய அப்பா சந்திரசேகரைக் குறிக்கிறது. ராமனின் அண்ணன் மகனுக்குத் தாத்தாவின் பெயரையே வைத்தார்கள்; அவர் எஸ். சந்திரசேகர். 1930-ல் சித்தப்பாவுக்கும் 1983-ல் மகனுக்கும் நோபல் பரிசு. பெயர்ப் பட்டியலை மட்டும் பார்க்கும் வெளிநாட்டவருக்கு ராமனும் சந்திரசேகரும் ஒரு வீட்டுக்காரர்கள் என்று தெரிய வழியே இல்லை. 1999-ல் நாசா விண்ணுக்கு அனுப்பிய ஆய்வுக்கூடத்தின் பெயர் 'சந்திரா'. ஒரு தாத்தாவின் பெயர் அவ்வளவு தூரம் போயிருக்கிறது.

செய்ய வேண்டியவை

அனுபவத்தில் கற்றதைச் சொல்லிவிடுகிறேன். பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி இருக்கிறதோ அதுவே தாய். விசா, டிக்கெட், ஓட்டுநர் உரிமம், வங்கி அட்டை எல்லாம் அதன் பிள்ளைகளாக இருக்கட்டும். குடும்பப் பெயர் வெற்றாக இருந்தால் டிக்கெட் எடுக்கும் முன்பே அந்த விமான நிறுவனத்திடம் எப்படி எழுதுவது என்று கேளுங்கள்; நிறுவனத்துக்கு நிறுவனம் முறை மாறுகிறது. எடுத்தபின் திருத்தக் கட்டணம் உண்டு, சில சமயம் டிக்கெட்டையே ரத்து செய்து மறுபடி வாங்க வேண்டிவரும். ஓட்டலில் பதிவு இல்லை என்றால் அப்பா பெயரைச் சொல்லிப் பாருங்கள். வேறு பெயர் கொண்ட பிள்ளையுடன் போகும் அம்மாக்கள் பிறப்புச் சான்றிதழையும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பையும் பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள். பாஸ்போர்ட்டில் பெயரைப் பிரித்துத் தர விரும்பினால் மறுவழங்கல் விண்ணப்பத்தில் கேட்கலாம். 2016 டிசம்பர் முதல் பெற்றோரில் ஒருவர் பெயர் மட்டும் கொடுத்தாலே போதும் என்ற விதியும் வந்திருக்கிறது.

எங்கள் வீட்டில் இந்தக் கதை இன்னும் முடியவில்லை. சிறுவர் பாஸ்போர்ட் ஐந்து வருடத்துக்குத்தான். மகனுடையதைப் புதுப்பிக்க வேண்டிய நேரம் வந்தது. பயண ஏற்பாடு செய்து தரும் ஏஜென்ட் ஒருவர் நல்லெண்ணத்தோடு யோசனை சொன்னார்: மேடம், உங்கள் சமூகத்தின் பட்டத்தையே மூன்று பேருக்கும் குடும்பப் பெயராகப் போட்டுவிடுங்கள், எல்லாரும் இப்போது அப்படித்தான் செய்கிறார்கள், ஏர்போர்ட்டில் ஒரு கேள்வி வராது.

அவர் சொன்னது உண்மைதான், கேள்வி வராது. கணவரின் தாத்தா காலத்து நிலப் பத்திரத்தில் அந்தப் பட்டம் இருக்கிறது. மாமனார் பள்ளியில் சேர்ந்தபோது அதை விட்டுவிட்டார்கள். விடச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை. தொண்ணூறு வருடத்துக்கு முன் ஒரு குடும்பம் வாசலுக்கு வெளியே கழற்றிப் போட்டதை, கவுன்டரில் இருபது நிமிடம் மிச்சமாகும் என்பதற்காகப் பேரனின் பேரில் எடுத்து மாட்டுவதா? கணவரும் நானும் ஓர் இரவு இதைப் பேசினோம். அதிகம் வாதம் இல்லை. மகனின் பாஸ்போர்ட் பழையபடியே, அவன் அப்பா பெயருடன் புதுப்பிக்கப்பட்டது. கணவர் மட்டும் தன் வெற்றுக் கட்டத்தில் மாமனார் பெயரைப் பிரித்து எழுதச் சொல்லி விண்ணப்பித்தார். இனி எங்கள் வீட்டில் மூன்று குடும்பப் பெயர். மூன்றும் மனிதர்களின் பெயர்.

இந்தக் கட்டுரைக்காக 1949 உடன்படிக்கையின் இணைப்புகளைப் புரட்டியபோது ஒன்று கண்ணில் பட்டது. சர்வதேச ஓட்டுநர் அனுமதிக்கான மாதிரிப் படிவம் அதில் இருக்கிறது. முதலில் குடும்பப் பெயர், அடுத்து பிற பெயர்கள். இரண்டாவதன் மேல் ஒரு நட்சத்திரக் குறி. அடிக்குறிப்பில், அங்கே தந்தை அல்லது கணவர் பெயரைக் குறிக்கலாம் என்று இருக்கிறது. எழுபத்தைந்து வருடத்துக்கு முன்பே நம்மைப் போன்றவர்கள் உலகத்தில் இருப்பது அங்கே உட்கார்ந்திருந்த யாருக்கோ தெரிந்திருக்கிறது.

சாணக்கியர் விஷயத்துக்கு வருகிறேன். மூன்று பெயரையும் மரபு எப்படி விளக்குகிறது என்று தேடினேன். விஷ்ணுகுப்தர் என்பது அவருக்கு வைத்த பெயர். கௌடில்யர் என்பது கோத்திரத்தால் வந்தது என்பார்கள். சாணக்கியர் என்றால் சணகரின் மகன். தூதரகங்களும் கொடிகளும் நிறைந்த அந்தப் பேட்டை அழைக்கப்படுவது அவர் பெயரால் அல்ல, அவருடைய அப்பா பெயரால்தான்.